டயலில் ஓர் இடைச்செருகல்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான் கையில் எடுத்துப் பார்த்த பழைய எச்.எம்.டி. வாட்சுகளில் பாதிக்கு மேல் பொய் சொல்பவை. உள்ளே ஓடும் இயந்திரம் எச்.எம்.டி.யுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. முகம்தான் வேறு. யாரோ ஒருவர் பழைய டயலின் பெயின்டைக் கழற்றி, அதன்மேல் ஆரஞ்சோ மயில்நீலமோ அடித்து, எண்களைப் புதிதாக அச்சிட்டு, "பைலட்" என்று பெயரும் எழுதியிருப்பார். முள் ஒரு வாட்சுடையது. கேஸ் இன்னொன்றுடையது. சாவித் திருகு மூன்றாவது ஒன்றிலிருந்து வந்தது. கடைக்காரரைக் கேட்டால், "ஒரிஜினல் சார். சாவி குடுத்துப் பாருங்க, எப்படி ஓடுதுன்னு" என்பார். சாவி கொடுத்தால் ஓடவும் செய்கிறது. ஒரு வகையில் அவர் சொன்னதும் உண்மைதான்.

வாட்ச் சேகரிப்பவர்கள் இந்த ரகத்துக்கு வைத்திருக்கும் பெயர் "பாம்பே ஸ்பெஷல்". பெயரிலேயே ஏளனம் இருக்கிறது. புதிதாகச் சேகரிக்க வருகிறவனுக்கு முதலில் கற்றுத்தரப்படும் பாடம், இதை எப்படிக் கண்டுபிடித்து ஒதுக்குவது என்பது. நானும் அதைக் கற்றேன், நன்றாகவே கற்றேன். ஆனால் அந்த ஏளனம் சரியா என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூலம் எது, பிரதி எது, இடைச்செருகல் எது என்ற கேள்விகளை வாட்ச் சேகரிப்பாளர்களைவிடத் தமிழ் வாசகர்கள் நீண்ட காலமாகக் கையாண்டு வருகிறார்கள். அந்தக் கருவிகளை இங்கே கொண்டுவந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை, வீடு திருமுடிவாக்கம். சிட்கோ தொழிற்பேட்டையின் லேத் சத்தம் கேட்கிற தூரம். டீக்கடையில் பக்கத்தில் உட்காரும் ஆள் "பத்து மைக்ரான் தள்ளிப் போச்சு" என்று சலித்துக்கொள்கிற ஊர். என்னிடம் 14 வாட்சுகள் இருக்கின்றன. எதுவும் பெரிய விலை இல்லை.

ஜனதா என்கிற பிரதி

எச்.எம்.டி. ஜனதாவை முதலில் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம்.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. லேத், மில்லிங் மெஷின் செய்வதற்கான அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து அது வாட்ச் செய்யத் தொடங்கி, 1961இல் முதல் தொகுதி வெளிவந்தது. வெளியிட்டவர் நேரு. மெஷின் செய்யும் மெஷினைச் செய்த நிறுவனம் கைக்கடிகாரத்துக்கு வந்ததில் ஒரு தர்க்கம் இருக்கிறது. திருமுடிவாக்கத்தில் இருப்பவனுக்கு அது உடனே புரியும். ஒரு ஊசி முனையளவு அச்சை ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகக் கடைந்து எடுக்க முடிந்தால், அந்த நாட்டுக்குக் கடைசல் தெரியும் என்று பொருள். வாட்ச் அதற்கான அத்தாட்சி.

ஜனதா சுமார் 35 மில்லிமீட்டர் அகலம். இன்றைய கைகளுக்குச் சின்னது. குரோம் பூசிய கேஸ், பிளாஸ்டிக் கண்ணாடி, வெள்ளை டயல். தேதி காட்டாது, கிழமை காட்டாது. டயலில் "17 ஜுவல்ஸ்", "பாரா ஷாக்" என்று இரண்டு குறிப்புகள் மட்டும் இருக்கும். நம் ஊரில் இதைப் "பதினேழு கல் வாட்ச்" என்பார்கள். கல் என்றதும் விலையுயர்ந்த கல் என்று நம்பியவர்களும் உண்டு. அது செயற்கை மாணிக்கம். சுழலும் அச்சுகள் உராய்ந்து தேயாமல் இருக்க வைத்த தாங்கி. "பாரா ஷாக்" சிட்டிசனின் அதிர்ச்சித் தாங்கி அமைப்பு. வாட்ச் கீழே விழுந்தால் மயிரிழை போன்ற பேலன்ஸ் அச்சு உடையாமல், கல்லோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து, திரும்பத் தன் இடத்துக்கு வரும்.

உள்ளே இருக்கும் 0231 இயந்திரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. சர்வீஸ் செய்த ஜனதா நாளைக்கு முப்பது விநாடி முன்னே பின்னே ஓடினால் "என்னப்பா, டைம் நிக்க மாட்டேங்குது" என்று குறைசொல்வோம். கணக்குப் போட்டால் அது பத்தாயிரத்தில் மூன்றரைப் பங்குப் பிழை. பேட்டரி இல்லை, சிப் இல்லை. சுருண்ட ஓர் இரும்புப் பட்டை விரிய நினைப்பதும், அதை அவசரப்படாதே என்று தடுத்துத் தடுத்து விடும் ஒரு பல்சக்கரமும்தான்.

இந்த டயலுக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஜனதாவில் தேவநாகரி எழுத்தும் தேவநாகரி எண்களும் போட்ட டயல் வந்தது. ஜனதா, காஞ்சன், சோனா, ஜலக் என்று பெயர்களும் அந்தப் பக்கத்துப் பெயர்கள். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் இந்த மாநிலத்தைக் குலுக்கிய அதே பத்தாண்டில்தான் "ஜனதா" தமிழ்க் கைகளில் ஏறியது. சேகரிப்பாளர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. "தேசத்தின் நேரம்" என்று உருகுகிற பதிவுகளில் தேசம் எந்த எழுத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டது என்ற கேள்வி வராது. நம் ஆட்கள் அதை எதிர்கொண்ட விதம் எளிமையானது. பெயரைப் பொருட்படுத்தவில்லை. "எச்செம்டி" என்று மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"கெடச்சது அதான்டா"

எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014லிருந்தே அடிபட்டது. அப்போதுதான் பலருக்கும் அந்த வாட்சின்மேல் காதல் வந்தது. சந்தையில் தரையில் குவித்து விற்ற சரக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. கூடவே ஒரு புதிய எழுத்து வகையும் பிறந்தது. அதற்கு "அப்பா வாட்ச் கட்டுரை" என்று பெயர் வைக்கலாம்.

அதன் கட்டமைப்பு எல்லாருக்கும் தெரியும். அப்பா தினமும் காலையில் ரேடியோ செய்தி கேட்டு நேரம் சரிசெய்து சாவி கொடுப்பார். மகன் பத்தாம் வகுப்பு தேறியதும் அதைக் கழற்றிக் கட்டிவிடுவார். அல்லது கல்யாணச் சீரில் மாப்பிள்ளைக்குத் தங்க நிறக் காஞ்சன் வந்திருக்கும். இப்போது அப்பா இல்லை, வாட்ச் ஓடுகிறது. முடிந்தது கட்டுரை.

இந்த வகை எழுத்தில் எனக்குள்ள குறை, அது உணர்ச்சிவசப்படுகிறது என்பதல்ல. உணர்ச்சி இருந்துவிட்டுப் போகட்டும். அது ஒரு முக்கியமான தகவலை விட்டுவிடுகிறது. அந்த அப்பாக்களுக்கு வேறு வழி இல்லை. வெளிநாட்டு வாட்சுகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. ஃபாவ்ர் லூபாவோ வெஸ்ட் எண்டோ தாத்தா காலத்துச் சொத்தாக இருந்தால் உண்டு. இல்லையென்றால் கப்பலில் வேலை பார்த்தவர் கொண்டுவர வேண்டும், அல்லது பர்மா பஜாரில் விலை பேச வேண்டும். என் அப்பாவிடம் அவருடைய எச்.எம்.டி. பற்றி இந்த மாதிரி உருக்கமாகக் கேட்டபோது அவர் சொன்னது: "கெடச்சது அதான்டா. அதனால கட்டினோம். டைட்டன் வந்ததும் மாத்திட்டேன்ல?" அவர் குரலில் ஏக்கம் இல்லை. சாவி கொடுக்கும் வேலை மிச்சமானதில் அவருக்கு மகிழ்ச்சிதான்.

இன்னொரு விடுபடலும் உண்டு. சேகரிப்பாளர்கள் மதிக்கும் வாட்சுகளின் வரிசை பைலட், ஜவான், கொஞ்சம் தள்ளி ஜனதா, காஞ்சன் என்று போகும். விமானி, சிப்பாய், குடிமகன், மாப்பிள்ளை. எச்.எம்.டி. பெண்களுக்காக "சுஜாதா" என்றொரு வாட்ச் செய்தது. நகத்தளவு டயல். அந்த அளவுக்குள் இயந்திரத்தைச் சுருக்குவது ஜனதாவைச் செய்வதைவிடக் கடினமான கடைசல் வேலை. சந்தையில் அது இன்றும் சீந்துவாரின்றிக் கிடக்கிறது. ஆசிரியைகள், செவிலியர்கள், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பெண்கள், இவர்கள் கையில் ஓடிய நேரம் அது. அம்மா வாட்ச் கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை. "சின்ன சைஸ் சார், கட்ட முடியாது" என்பார்கள். சேகரிக்கிற 14 வாட்சில் 12ஐ நாம் கட்டுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓசூரை ஏன் விட்டுவிட்டோம்

சேகரிப்பாளர்களின் செவ்வியல் பட்டியலில் இன்னொரு பெரிய ஓட்டை டைட்டன். 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். பெயரே டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் எழுத்துகளைச் சேர்த்தது. ஆலை ஓசூரில். செர்க்ஸஸ் தேசாய் அதை நடத்தினார். மோட்சார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த விளம்பர இசையை முணுமுணுக்காத தூர்தர்ஷன் குடும்பம் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து அங்கே வாட்ச் பூட்ட வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு வாட்ச் வரலாறு என்று ஒன்று இருந்தால் அதன் நடு அத்தியாயம் ஓசூர்தான்.

ஆனால் டைட்டன் குவார்ட்ஸ். சேகரிப்பாளர்கள் அதை "உயிர் இல்லாதது" என்று தள்ளிவிடுவார்கள். விநாடி முள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், டக் டக் என்று குதிக்கக் கூடாது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று மிஞ்சும், விநாடிக்கு ஒரு குதி. எந்தக் கணினிக்காரனும் இந்த எண்ணைக் கண்டால் சிரிப்பான், சொந்தக்காரனைத் தெருவில் பார்த்த மாதிரி. மாதத்துக்கு இருபது விநாடி தவறினால் அதிகம். ஜனதா ஒரே நாளில் தவறுவதை இது ஒன்றரை மாதத்தில்தான் தவறும்.

2002இல் ஓசூர்க்காரர்கள் "எட்ஜ்" என்ற வாட்சைக் கொண்டுவந்தார்கள். மொத்த தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அதை அவர்களே வடிவமைத்தார்கள். கழுத்து மணிக்கட்டுச் சட்டைக்குள் வாட்சா விசிட்டிங் கார்டா என்று தெரியாமல் ஒளிந்துகொள்ளும். 1961இல் ஜப்பானியரிடம் கற்றுக்கொண்டு செய்த ஜனதாவை "நம் சாதனை" என்று கொண்டாடுபவர்கள், நாமே வரைந்து செய்த எட்ஜைச் சேகரிக்கத் தகுதியற்றதாக நினைப்பது ஏன்? எனக்குத் தோன்றும் பதில்: எட்ஜில் வறுமை இல்லை. பழசை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் நேசிப்பது பெரும்பாலும் தட்டுப்பாட்டைத்தான்.

ஏடு பெயர்த்து எழுதியவர்

இப்போது பாம்பே ஸ்பெஷலுக்கு வருவோம். அதைக் கண்டுபிடிப்பது பாடபேதம் பார்ப்பது போலத்தான். அச்செழுத்து தடித்து, ஓரம் பிசிறியிருக்கும். டயலின் விநாடிக் கோடுகள் முள்ளின் நீளத்தோடு பொருந்தாது. கேஸின் கூர்மையான விளிம்புகள் பாலிஷில் மழுங்கி சோப்புக்கட்டி போல ஆகியிருக்கும். திருகுகளின் தலை கடிபட்டிருக்கும். எச்.எம்.டி. எந்தக் காலத்திலும் போடாத நிறத்தில் டயல் இருக்கும். நான்கைந்து நல்ல பிரதிகளைப் பார்த்துக் கண் பழகினால் ஐந்து விநாடியில் சொல்லிவிடலாம்.

சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தது திருத்தக்கதேவர் எழுதிய ஏடு அல்ல. பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி. ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துவிடும். யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதியதால்தான் நூல் வந்து சேர்ந்தது. எழுதும்போது பிழை வந்தது, சிலர் தங்கள் சரக்கையும் சேர்த்தார்கள். பதிப்பாசிரியர் இடைச்செருகலை அடையாளம் காட்டினார், பாடபேதங்களைக் குறித்தார். ஏடு பெயர்த்தவர்களை மோசடிக்காரர்கள் என்று அவர் தள்ளவில்லை. அவர்கள் இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஏடே இருந்திருக்காது.

டயல் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்காரரும் அந்த ஏடு பெயர்ப்பவர்தான். ஈரம் புகுந்து கறுத்த டயலோடு வந்த ஜனதாவை அப்படியே யாரும் வாங்க மாட்டார்கள். எடைக்குப் போயிருக்க வேண்டிய இயந்திரத்தை அவர் துடைத்து, எண்ணெய் விட்டு, முகம் கொடுத்து, இன்னொரு கையில் ஏற்றினார். அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவருக்கு நேரம்தான் வேண்டியிருந்தது. மூலபாடம் பற்றிய கவலை இல்லை.

இதில் சேகரிப்பாளர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். "புதுசு மாதிரி இருக்கணும்" என்று கேட்பவர்கள் நாம். அறுபது வருடப் பழைய பொருளை ஒரு கீறல் இல்லாமல் கேட்டால், கேட்டதை உண்டாக்கிக் கொடுக்க ஒருவர் வரத்தான் செய்வார். பைலட்டுக்கு மதிப்பு என்று நாம் முடிவு செய்ததும், சந்தையில் பைலட்டுகள் பெருகின. ஜனதாக்கள் பைலட்டுகளாக மாற்றப்பட்டன. நம் ரசனைதான் அந்த பெயின்டின் முதல் கோட்டிங்.

அப்படியானால் தவறு எங்கே? பெயர்த்து எழுதியதில் இல்லை, "ஒரிஜினல்" என்று சொல்வதில் இருக்கிறது. நல்ல ஏடுகளின் கடைசியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் குறிப்பாக இருப்பதுண்டு. பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வதும் உண்டு. அந்தக் குறிப்பு இருந்தால் அது பிரதி. மறைத்தால் போலி. வாட்ச் உலகத்திலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது, பலர் கவனிப்பதில்லை. பழைய வாட்சின் பின்மூடியைத் திறந்து உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள் தெரியும். ஒரு தேதி, ஒரு முதலெழுத்து, சில சமயம் ஓர் எண். சர்வீஸ் செய்தவர்கள் தங்களுக்காக விட்டுப்போன குறிப்பு. தாம்பரம் பக்கம், படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பாய் ஒருவர் என்னுடைய பழைய ஜவான் ஒன்றைத் திறந்து, "நாலு பேர் கை பட்டிருக்கு தம்பி, நாலும் நல்ல கை" என்றார். நாலாவது கீறல் 1991. அவருக்குப் பிறகு அந்த மேசைக்கு யாரும் வரப்போவதில்லை என்பதையும் அவரே சொன்னார். பையன் செல்போன் சர்வீஸ் கற்றுக்கொண்டான்.

இங்கேதான் என் வருத்தம். நாம் டயலைச் சேகரிக்கிறோம், பின்மூடியைச் சேகரிப்பதில்லை. விற்பதற்கு முன் உட்புறத்தையும் பாலிஷ் போட்டுவிடுகிறார்கள். பளபளப்பாக இருக்கிறது. நாலு பேர் போய்விட்டார்கள்.

ஒளி மங்கிய டயல்களைப் பற்றி ஒரு வார்த்தை, இது எச்சரிக்கையும்கூட. இருட்டில் ஒளிர்வது எதையும் நாம் "ரேடியம்" என்போம், பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர் வரை. 1960களுக்கு முந்தைய சுவிஸ் வாட்சுகள் பலவற்றில் இருப்பது நிஜ ரேடியம். அதன் அரை ஆயுள் 1,600 வருடம். ஒளிர்ந்தது ரேடியம் அல்ல, அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. அது சில பத்தாண்டுகளில் தேய்ந்துவிடும். ஆகவே வெளிச்சம் செத்த பிறகும் கதிரியக்கம் அப்படியே இருக்கும். வீட்டில் உட்கார்ந்து அதைச் சுரண்டிப் புதுப்பிக்க நினைக்காதீர்கள். அந்தப் பொடி நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள்.

நாமே பூட்டும் வாட்ச்

சேகரிப்பின் அடுத்த படி, சொந்தமாக ஒன்றைப் பூட்டுவது. இதைச் செய்பவர்கள் இப்போது அதிகம். சீகோ குழுமம் பிறருக்கு விற்கும் என்.எச்.35 என்ற தானியங்கி இயந்திரத்தை வாங்க வேண்டும். 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும். கேஸ், டயல், முட்கள், கண்ணாடி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், பெரும்பாலும் சீனாவிலிருந்து.

வேலை சுலபம் போலத் தெரியும். டயலின் கீழே இரண்டு சின்னக் கால்கள், இயந்திரத்தின் துளைகளில் உட்கார வேண்டும். பிறகு முட்கள். மணி முள்ளின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, விநாடி முள்ளுக்கு 0.2. திருகைத் திருகிக்கொண்டே போனால் தேதி "டக்" என்று மாறும் ஒரு கணம் வரும். அங்கே நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பன்னிரண்டில் வைத்து அழுத்த வேண்டும். அப்போதுதான் தேதி நள்ளிரவில் மாறும். மூன்று முட்களும் ஒன்றின்மேல் ஒன்று உரசாமல், டயலுக்கு இணையாகப் போக வேண்டும். விநாடி முள்ளைப் பொருத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடும். திருகின் தண்டை அளந்து வெட்ட வேண்டும். கூட இருந்தால் அரம் போட்டுக் குறைக்கலாம், குறைந்தால் வேறு தண்டுதான். கடைசியில் எல்லாம் முடித்து மூடிய பிறகு, கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு தூசி தெரியும். லாரி போகிற குன்றத்தூர் சாலைப் பக்கத்து வீட்டில் தூசியை எதிர்த்துப் போராடுவது தனி அத்தியாயம். மழை பெய்து ஓய்ந்த இரவுகள்தான் உத்தமம்.

சுகமான வேலை. நாள் முழுக்கத் திரையில் எதையோ மாற்றி, அது எங்கோ ஒரு சர்வரில் என்னவோ செய்கிறது என்று நம்புகிறவனுக்கு, சாமணத்தின் நுனியில் பிடித்த முள் அச்சில் போய் அமரும் அந்த மெல்லிய "கிளிக்" தருகிற நிறைவைச் சொல்லி முடியாது.

ஆனாலும் விமர்சனம் விமர்சனம்தான். "நானே செய்த வாட்ச்" என்று சொல்வதில் ஒரு மிகை இருக்கிறது. பிறர் எழுதிய நாற்பது நூலகங்களைத் தரவிறக்கி, இருநூறு வரி ஒட்டுவேலை செய்து "என் சாஃப்ட்வேர்" என்று சொல்கிற நம் தொழில் பழக்கத்தின் நீட்சி அது. சிட்கோவில் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் கேஸாவது உள்ளூரில் கடைந்து பார்க்கலாம் என்று வரைபடத்தோடு போனேன். சி.என்.சி. மெஷின், எஸ்.எஸ். 316, எல்லாம் அவரிடம் உண்டு. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பண்ணலாம் தம்பி. எத்தனை பீஸ்?" என்றார். "ஒண்ணுண்ணே." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஒரு பீசுக்கு ஃபிக்ஸ்சர் செய்து, புரோகிராம் போட்டு, மெஷினை நிறுத்தி வைத்தால் ஆகும் செலவில் பத்து சீனக் கேஸ் வாங்கலாம். வாகன உதிரிபாகங்களை ஆயிரக்கணக்கில் கடையும் ஊரில், ஒரே ஒரு பொருளைச் செய்ய வழியில்லை. தனித்தன்மை என்று நாம் கொண்டாடுவது பெருந்தொகை உற்பத்தியின் ஓரத்தில் கிடைக்கிற சில்லறைதான்.

தமிழ் எண் டயல்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதற்கொரு மோகம். ௧, ௨, ௩ என்று அழகாகவே இருக்கும். கேள்வி பத்தில் தொடங்குகிறது. மரபுப்படி பத்துக்கு ௰, பதினொன்றுக்கு ௰௧, பன்னிரண்டுக்கு ௰௨. சிலர் ௧௦, ௧௧, ௧௨ என்று போடுகிறார்கள். எதைப் போட்டாலும் கட்டியிருப்பவர் எண்ணைப் படிப்பதில்லை, முள் நிற்கும் திசையைப் பார்த்து நேரம் சொல்கிறார். அப்புறம் அந்த எண் எதற்கு? தேவநாகரி ஜனதாவுக்குப் பதில் சொல்கிற ஆசை புரிகிறது. ஆனால் அந்த டயல் பேசியது இன்னொருவரின் நேரத்தை இன்னோர் எழுத்தில். இதுவும் அதையேதான் செய்கிறது.

தமிழில் நேரத்துக்கே வேறு அளவு இருந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். 24 மணி நேரத்தில் ஒரே சுற்று சுற்றும் நான்காவது முள் கொண்ட என்.எச்.34 இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டயலின் ஓரத்தில் ஏற்கெனவே 60 கோடுகள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு அந்த முள் உச்சியில் நிற்கும்படி வைத்தால், பிறகு அது தொடும் ஒவ்வொரு கோடும் ஒரு நாழிகை. எந்த வாட்சிலும் புதிதாக ஓர் எழுத்துகூட அச்சிடாமல் நாழிகை வட்டில் ஒன்று கிடைத்துவிடுகிறது. துல்லியமாகச் சொன்னால் நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. சென்னையில் உதயம் வருடத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்பின் நகரும். ஆகவே ஒன்றரை நாழிகைவரை பிழை வரும். பல்சக்கரத்துக்குச் சூரியனைத் தெரியாது. நான் பூட்டியதில் ஒன்று இப்படித்தான் ஓடுகிறது. அதன் டயலில் பெயர் இல்லை, எண்ணும் இல்லை. பார்ப்பவர்கள் "அந்த நாலாவது முள் தப்பா காட்டுதே" என்கிறார்கள்.

பின்மூடியில் எழுதுவது

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு தீர்ப்பு சொல்லாமல் போக முடியாது. எனக்கு இப்போது மூன்று வகையும் ஒரே தட்டில் இருக்கின்றன. அசல் டயலோடு தப்பிப் பிழைத்த ஜனதா, பெயின்ட் அடித்த பாம்பே ஸ்பெஷல், பாகங்களை வாங்கி நான் பூட்டியது. மூன்றிலும் பல பேருடைய கை இருக்கிறது. ஒன்று மற்றதைவிடத் தூய்மையானது என்று சொல்வது வியாபாரத்துக்கு உதவும், உண்மைக்கு உதவாது. யாருடைய கை என்பதைச் சொல்கிறதா, மறைக்கிறதா என்பது ஒன்றுதான் நான் இப்போது கேட்கும் கேள்வி.

அதனால் வாசகர்களில் யாராவது இந்தப் பைத்தியத்தில் இறங்குவதாக இருந்தால் இரண்டு கோரிக்கைகள். பழைய வாட்சைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பின்மூடியின் உட்புறத்தைப் பாலிஷ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலையை முடித்தவரிடம் தேதியையும் ஓர் எழுத்தையும் அங்கே கீறித்தரச் சொல்லிக் கேளுங்கள். டயல் மாற்றியிருந்தால் அதையும் குறிக்கச் சொல்லுங்கள். முதலில் விசித்திரமாகப் பார்ப்பார்கள். தாம்பரத்து பாயும் அப்படித்தான் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்து, லூப்பைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, நான் கேட்டதைவிட நீளமாகவே எழுதினார்.